சிறுவிட்டத் தோட்டாக்களும் வெடிமருந்துத் தேர்வும்

அமெரிக்காவில் பயிரையும் மேய்ச்சல் நிலத்தையும் கெடுக்கும் சிறு விலங்குகளைத் தொலைவிலிருந்து சுடுவதற்கென 0.22 அங்குல விட்டமுள்ள தோட்டாக்கள் பல உருவாயின. வளை தோண்டும் பிரெய்ரி நாய் (பெயரில்தான் நாய், உண்மையில் அணில் குடும்பம்) இவற்றின் முக்கிய இலக்கு. இலக்கு சிறியது என்பதால் குண்டு மிக வேகமாகவும் ஒவ்வொரு முறையும் ஒரே சீராகவும் செல்ல வேண்டும். அதைத் தீர்மானிப்பதில் தோட்டாக்கூட்டில் நிரப்பும் மருந்துக்குப் பெரும் பங்குண்டு.

1884இல் பிரெஞ்சு வேதியியலாளர் பால் வியேய் புகையில்லா மருந்தை உருவாக்கினார். மணியின் அளவு, வடிவம், மேற்பூச்சு ஆகியவற்றை மாற்றி இது எரியும் வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் முடிந்தது. தேர்வு என்ற சிக்கலும் அப்போதே தொடங்கியது. பெரிய கூட்டில் விரைந்து எரியும் மருந்தை நிரப்பினால் அழுத்தம் எகிறித் துப்பாக்கியே வெடிக்கலாம். சிறிய கூட்டில் மெதுவாக எரியும் மருந்து முழுதும் எரியாமல் வீணாகும்.

1920களில் ஸ்பிரிங்ஃபீல்டு படைக்கலச் சாலையைச் சேர்ந்த சிலர், கருமருந்துக் காலத்துச் சிறு கூடு ஒன்றில் புகையில்லா மருந்தை நிரப்பிச் சோதித்தனர். அதுவே 0.22 ஹார்னெட். 1930இல் வின்செஸ்டர் அதன் தோட்டாக்களை விற்கத் தொடங்கியது. இதற்கெனவே ஹெர்குலிஸ் நிறுவனம் '2400' என்னும் மருந்தை வெளியிட்டது. பிற்காலத்தில் அது மேக்னம் கைத்துப்பாக்கிகளால்தான் பெரும்புகழ் பெற்றது.

இரண்டாம் உலகப்போருக்குப் பின் கான்சாஸைச் சேர்ந்த புரூஸ் ஹாட்ஜ்டன், இராணுவம் கழித்த 4895 மருந்தை மொத்தமாக வாங்கி மலிவாக விற்றார். வீட்டிலேயே தோட்டா நிரப்பும் வழக்கம் பரவ இது பெரிதும் உதவியது. 1950இல் மைக் வாக்கர் வடிவமைத்த 0.222 ரெமிங்டன் வந்தது. அதற்கு ஏற்றதெனப் பலரும் கொண்டது ஐஎம்ஆர் 4198. துல்லியத்தில் குறையில்லை; ஆனால் குச்சி வடிவ மணிகள் அளவுக்கருவியில் சிக்கும். உருண்டை மருந்து கடுகைப் போல வழுக்கி இறங்கும். 1930களில் ஃபிரெட் ஓல்சன் உருவாக்கிய இது விரைவாகத் தயாரிக்கவும் ஏற்றது.

இந்த வசதிக்கு ஒரு மறுபக்கமும் இருந்தது. 0.222 கூட்டை நீட்டி உருவான 0.223 தோட்டாவே எம்16 துப்பாக்கிக்குச் சென்றது. முதலில் அதற்கு ஐஎம்ஆர் 4475 என்னும் குச்சி மருந்து பயன்பட்டது. குறித்த வேகத்தை அழுத்த வரம்பை மீறாமல் தரும்படி அதைப் பேரளவில் தயாரிப்பது கடினமாயிற்று. 1964இல் டபிள்யூசி 846 என்னும் உருண்டை மருந்து ஏற்கப்பட்டது. வேகம் கிடைத்தது, ஆனால் துப்பாக்கி தன் வடிவமைப்புக்கு மீறிய விரைவில் இயங்கியது, கசடும் படிந்தது. துப்புரவுக் கருவிகள் போதாமையும் குரோம் பூசாத அறையும் சேர்ந்துகொள்ள, வியட்நாம் போர்க்களத்தில் துப்பாக்கிகள் அடைத்து நின்றன. சிக்கிய துப்பாக்கியுடன் வீரர்கள் மடிந்தனர். 1967இல் நாடாளுமன்றத் துணைக்குழு ஒன்று இதை விசாரித்து இராணுவத்தைக் கடுமையாகச் சாடியது.

பிறகு மருந்தில் கால்சியம் கார்பனேட்டின் அளவு குறைக்கப்பட்டது. டபிள்யூசி 844 வழக்குக்கு வந்தது. அதே வகை மருந்து இன்று எச்335 என்ற பெயரில் கடைகளில் கிடைக்கிறது. பிரெய்ரி நாய் வேட்டைக்குத் தோட்டா நிரப்புவோர் அதை இன்றும் வாங்குகின்றனர்.