பிரித்துத் தைத்த மெத்தை

சென்ற மாதம் எங்கள் வீட்டில் ஒரு சிறு வழக்கு நடந்தது. குற்றவாளிக் கூண்டில் நின்றது ஒரு மெத்தை. சரியாகச் சொன்னால், மெத்தைக்கு மேலே போடும் இரண்டு அங்குல மெத்தை. 'டாப்பர்' என்று அதற்குப் பெயர். முதுகுவலிக்கு நல்லதென்று பிள்ளை வாங்கிப் போட்டான். நாலே வருஷத்தில் நடுவில் பள்ளம் விழுந்துவிட்டது. பழைய சாமான் வாங்குகிறவர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "சார், இதை எடுத்துப் போக நீங்கதான் எனக்குக் காசு கொடுக்கணும்" என்றார். அந்த ஒரு வார்த்தை என்னைச் சரித்திரம் புரட்ட வைத்தது.

என் பாட்டிக்குக் கல்யாணச் சீராக வந்தது இலவம்பஞ்சு மெத்தை. சில வருஷங்களுக்கு ஒரு முறை, கோடையில், மெத்தை தைக்கும் பாய் வருவார். தையலைப் பிரித்து, பஞ்சை முற்றத்து வெயிலில் கொட்டி, மூங்கில் கழியால் அடிப்பார். குழந்தைகள் நாங்கள் தும்மித் தும்மிச் சிரிப்போம். தூளாய்ப் போனது தென்னை மரத்தடிக்குப் போகும். குறைந்ததற்குப் புதுப் பஞ்சு சேரும். "பெரியம்மா, பேத்தி கல்யாணம் வரைக்கும் தாங்கும்" என்பார். தாங்கவும் தாங்கியது.

பஞ்சசயனத்தை விவரிக்கும் பழைய உரைகாரர்கள் அன்னத்தின் தூவியோடு இலவம்பஞ்சையும் சேர்த்துச் சொல்கிறார்கள். அது நம் நாட்டுச் செம்பூ இலவாக இருக்க வேண்டும். இன்று போடிநாயக்கனூர்ப் பக்கம் காய்க்கும் இலவமரத்தின் பூர்வீகம் அமெரிக்காவின் வெப்பப் பிரதேசமும் மேற்கு ஆப்பிரிக்காவும். எந்த இலவானாலும் சரி, கிளி ஏமாந்த காயில் மனிதன் படுக்கையைக் கண்டுகொண்டான்!

இந்தப் பஞ்சின் ஒவ்வோர் இழையும் மெழுகு பூசிய மெல்லிய குழாய். உள்ளே வெறும் காற்று. அதனால் தண்ணீரில் மிதக்கும். கப்பல்காரர்களின் உயிர்காப்புச் சட்டைக்குள் இதைத்தான் அடைத்தார்கள். 1942இல் ஜாவாவை ஜப்பான் பிடித்ததும் பஞ்சு வரத்து நின்றுபோயிற்று. 1944இல் அமெரிக்கப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வயல்வெளியெங்கும் அலைந்து, நம் எருக்குக்கு உறவான ஒரு செடியின் காய்களை மூட்டை மூட்டையாகச் சேகரித்தார்கள், அதன் பஞ்சுக்காக.

இதற்குள் வேறொரு காரியமும் நடந்திருந்தது. 1929இல் பர்மிங்ஹாமில் டன்லப் கம்பெனியார் ரப்பர் பாலை நுரைக்க அடித்து நுரை ரப்பராக்கினார்கள். அதாவது மரத்தின் பால். 1937இல் ஜெர்மனியில் ஓட்டோ பேயர் என்ற ரசாயன நிபுணரின் குழு பாலியூரித்தேனைக் கண்டுபிடித்தது. 1950களில் அதன் நுரை மெத்தைக் கடைக்கு வந்தது. இலேசானது, மலிவானது. பொய் சொல்வானேன்? முதல் வருஷம் நானும் அதில் சுகமாகத்தான் தூங்கினேன்.

ஆனால் அந்த நுரை ஒரு முறை இறுகினால் இறுகியதுதான். பிளாஸ்டிக் வாளியைப் போல் உருக்கி மறுபடி வார்க்க முடியாது. துண்டு துண்டாக வெட்டி, ஒட்டி, கம்பளத்துக்கு அடியில் போடலாம். அதற்கும் முதலில் அடுக்குகளைப் பிரித்தாக வேண்டும். அவையோ பசையால் ஒட்டப்பட்டவை.

2013இல் அமெரிக்காவில் கனெக்டிகட், கலிபோர்னியா ஆகிய மாநிலங்கள் ஒரு சட்டம் செய்தன. மெத்தை வாங்குகிறவர், பின்னால் அதைப் பிரித்து எடுக்கும் செலவுக்கென்று ஒரு சிறு தொகையை அப்போதே கட்டிவிட வேண்டும். பாய் எங்கள் முற்றத்தில் உட்கார்ந்து செய்த காரியத்துக்கு அங்கே சட்டசபை கூட வேண்டியிருந்தது!

இயற்கைப் பொருளாக இருந்தால் மட்டும் போதாது என்பதும் எனக்கு இப்போதுதான் புரிகிறது. தேங்காய் நாரையும் ரப்பரையும் பசை போட்டு ஒட்டிவிட்டால் அந்த மெத்தையும் பிரியாது. பாட்டியின் மெத்தைக்கு ஆயுள் கொடுத்தது பஞ்சு பாதி; பிரிக்கக்கூடிய தையல் பாதி. செய்தவன், ஒரு நாள் இதைப் பிரிப்பார்கள் என்று தெரிந்தே தைத்தான்.

அத்தையின் கல்யாணத்தில் அந்த மெத்தை பிரிந்து தலையணைகளாயிற்று. அதில் ஒன்று என்னிடம் இருக்கிறது. எத்தனையோ முறை புதுப் பஞ்சு சேர்ந்துவிட்டது. பாட்டியின் பஞ்சு ஒரு பிடியாவது அதற்குள் இருக்கும். டாப்பர் மட்டும் கதவுக்குப் பின்னால், யாருக்கும் வேண்டாததாக, சுவரில் சாய்ந்து நிற்கிறது. வழக்கு இன்னும் தீரவில்லை.