பதிப்பாசிரியர் பயின்ற களம்

மதுரையில் வையையின் வடகரையில் உள்ளது செல்லூர். அகநானூற்று 66ஆம் பாட்டைப் பாடியவர் செல்லூர்க் கோசிகன் கண்ணனார். இவ்விரண்டையும் இணைத்து அடிக்குறிப்பு எழுதிவிட ஆசை எழுவது இயல்பே. ஆயின் அத்தொகையின் 90ஆம் பாட்டு, செல்லூர்க்குக் கிழக்கே நியமம் என்னும் ஊர் உண்டு என்கின்றது. 220ஆம் பாட்டோ, மழுவாள் நெடியோன் வேள்வி செய்த இடமாகச் செல்லூரைச் சுட்டுகின்றது. யாவும் ஓரூரோ வேறோ எனத் துணியுமுன் குறிப்பெழுதாது நிற்றல் பதிப்பாசிரியர்க்குரிய அடக்கமாம். அதனை முன்னையோர் எவ்விடத்துப் பயின்றனர் என்பதே ஈண்டு நாம் ஆராய்வது.

அகநானூற்றின் முதற்பதிப்புக்கு ஆராய்ச்சித் துணைபுரிந்தவர் ரா. இராகவையங்கார். பாண்டித்துரைத் தேவர் 1901இல் நிறுவிய மதுரைத் தமிழ்ச்சங்கம் மறு ஆண்டே தொடங்கிய 'செந்தமிழ்' என்னும் திங்களிதழுக்கு முதல் ஆசிரியரும் அவரே. அவருக்குப்பின் அப்பொறுப்பேற்ற மு. இராகவையங்கார், சங்கக் கலாசாலையில் ஆசிரியராயிருந்து இதழ்ப்பணிக்கு வந்தவர். 1913இல் தமிழ் லெக்ஸிகன் பணிக்குச் சென்றார். கற்பித்தல், இதழ், அகராதி என்னும் இவ்வரிசை கருதத்தக்கது.

ஏட்டுச்சுவடியில் புள்ளி இராது. எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் வேறுபடா. ரகரமும் காலும் ஒரே வடிவின. சொற்பிரிப்போ அடிப்பிரிப்போ இல்லை. ஆதலின் படியெடுப்பவன் எழுத்துத்தோறும் ஒரு முடிவு செய்கின்றான். அச்சுக்கோப்போன் கைப்பட்டபின் புதுப் பிழைகள் புகும். எனவே அச்சுப்படியைக் கையெழுத்துப்படியோடு மட்டுமன்றி ஏட்டோடும் மீண்டும் ஒப்பிடல் வேண்டும். திங்கள்தோறும் குறித்த நாளில் வெளிவரவேண்டிய இதழ் இவ்வுழைப்பை இடையறாது கேட்கும். ஒரு நூலைப் பத்தாண்டு வைத்திருப்பவனுக்கு அக்கட்டாயம் இல்லை.

மதுரைக்குப் புறம்பேயும் நிலை பெரிதும் வேறன்று. சி. வை. தாமோதரம் பிள்ளை 1854இல் நீதிநெறிவிளக்கத்தைப் பதிப்பித்தபோது இளைஞர். பின் 'தினவர்த்தமானி' இதழை நடத்தினார். கலித்தொகை 1887இல் வந்தது. உ. வே. சாமிநாதையர் கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியராயிருந்த 1880இல் சேலம் இராமசுவாமி முதலியாரைக் கண்டார். சிந்தாமணி அச்சேற ஏழாண்டு ஆயிற்று. இவர்களைப் பதிப்பாசிரியர் என எவரும் முன்னரே அமர்த்தினாரல்லர். வேலையே அப்பெயரைத் தந்தது.

இன்று இத்துறையில் புகவிரும்பும் முதுகலை மாணவர் பட்டத்தை முன்வைத்துப் பதிப்பகங்களை நாடுகின்றனர். அச்சுப்படி திருத்தும் குறியீடுகளையேனும் வகுப்பில் நாம் கற்பிக்கின்றோமா? பழம்பதிப்பைப் படம்பிடித்து அப்படியே வெளியிடும் வழக்கம் பெருகிய காலத்தில், முன்னைய பிழையும் உடன்பெருகுகின்றது. அதனைக் காணும் கண் அரிதாகின்றது. ஆய்வேட்டுக்கு முன்னரே ஒவ்வொரு மாணவரும் இருபது பாட்டுகளை எடுத்து, சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகத்திலோ உ. வே. சா. நூலகத்திலோ ஏட்டோடு ஒப்பிட்டுப் பாடவேறுபாடு குறித்துத் தரல் வேண்டும். ஒரு பருவத்தின் ஒரு தாள் இதற்குப் போதும். அத்தாளுக்கு மதிப்பெண் இடுவோரும் ஏடு படிக்க வல்லவராயிருத்தல் வேண்டும் என்பதே சற்று இடர்ப்பாடு.