பேனா முனைக்குள் ஒளிஞ்சிருந்த நட்சத்திரம்

டேட்டா அக்விசிஷன் கருவி வாங்கப் போறவங்க முதலில் கேட்பது "எத்தனை சேனல், என்ன விலை?" என்பதுதான். சாம்ப்ளிங் வேகம், அதாவது விநாடிக்கு எத்தனை முறை அளவெடுக்கணும் என்பது, கடைசியில்தான் ஞாபகத்துக்கு வரும். ஆனா பதிவாகாமல் போனதை அப்புறம் எந்த மென்பொருளாலும் மீட்க முடியாதுங்க. இதுக்கு நல்ல உதாரணம் 1967-ல் கேம்பிரிட்ஜில் நடந்த கதை.

ஆண்டனி ஹ்யூவிஷ் அங்கே நாலரை ஏக்கரில் கம்பம் நட்டு, கம்பி கட்டி ஒரு ரேடியோ தொலைநோக்கி அமைத்தார். அதைக் கட்டினவங்களில் ஒருத்தர், ஆராய்ச்சி மாணவி ஜோஸ்லின் பெல். இரைச்சலைக் குறைக்க, சில விநாடிகளுக்கு ஒருமுறை சராசரி எடுப்பது அன்றைய ரேடியோ வானியலில் சகஜம். ஹ்யூவிஷ் தேடியதோ குவாசர்களை. அவற்றின் ரேடியோ அலை சூரியக் காற்றைக் கடந்து வரும்போது விநாடிக்கும் குறைவான நேரத்தில் மினுக்கும். அதனால் வேகமான ரிசீவர் வைத்தார்கள். இதுதான் முதல் அதிர்ஷ்டம்.

ஆனால் பதிவு செய்தது காகிதத்தில். நாலு சார்ட் ரெக்கார்டர்கள் சேர்ந்து ஒரு நாளைக்கு 96 அடி காகிதத்தைத் தள்ளின. சமமாகப் பிரித்துக் கணக்குப் போட்டால், நிமிஷத்துக்கு சுமார் 5 மில்லிமீட்டர். ஆகஸ்டில் பெல் கண்ணில் பட்டது கால் அங்குலக் கிறுக்கல். குவாசர் மாதிரியும் இல்லை, பூமியிலிருந்து வரும் குறுக்கீடு மாதிரியும் இல்லை. வானத்தில் அதே இடத்திலிருந்து திரும்பத் திரும்ப வந்தது.

காகிதத்தை வேகமா ஓட்டிப் பார்க்க முடிவாச்சு. பல வாரம் ஒண்ணும் சிக்கலை. நவம்பர் 28 அன்று சிக்கியது: 1.337 விநாடிக்கு ஒருமுறை, கடிகாரம் போலத் துடிப்பு! பழைய வேகத்தில் ஒரு துடிப்புக்குக் கிடைத்த இடம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான். பேனா கோட்டின் தடிமனுக்குள்ளேயே பல்சார் ஒளிஞ்சிருந்தது. (1974-ல் நோபல் பரிசு ஹ்யூவிஷுக்கு வந்தது, பெல்லுக்கு வரலை. அது தனிப் பதிவுக்கான ஆதங்கம்.)

கதை இத்தோட முடியலை. 1982-ல் அரெசிபோவில் டொனால்ட் பேக்கர், ஸ்ரீனிவாஸ் குல்கர்னி குழுவினர் விநாடிக்கு சுமார் 642 முறை சுழலும் பல்சாரைக் கண்டுபிடித்தார்கள். வேகமா அளவெடுத்ததால்தான் அது மாட்டியது.

ஷானன் 1949-ல் எழுதிவைத்த விதிப்படி, சிக்னலில் உள்ள மிக உயர்ந்த அதிர்வெண்ணைப் போல இரண்டு மடங்குக்கு மேல் அளவெடுக்கணும். 642-க்கு, குறைந்தது 1284-க்கு மேல். இந்தத் துடிப்பையே விநாடிக்கு 100 முறை மட்டும் அளந்தால், 42 என்று ஒரு பொய்யான அதிர்வெண் வந்து நிற்கும். சினிமாவில் வண்டிச் சக்கரம் பின்னோக்கிச் சுத்துமே, அதே கதைதான். இதைத் தவிர்க்கத்தான் அளவெடுக்கும் முன்னாலேயே, தேவைக்கு மேற்பட்ட அதிர்வெண்களை ஃபில்டர் வைத்து வெட்டுவது.

இரண்டு மடங்கு என்பது எல்லைக்கோடுதான். துடிப்பின் வடிவமும் வேணும்னா பத்து மடங்கு வைக்கறது நல்லது. அதுக்காக எல்லாத்தையும் உச்ச வேகத்தில் பதியவும் வேண்டாம். மெதுவாகச் சூடாகும் அடுப்புக்கு விநாடிக்கு ஒரு அளவே தாராளம், மிச்சமெல்லாம் டிஸ்க்கை நிரப்பும் குப்பை :-)

ஆக, விலைப்பட்டியலைப் புரட்டும் முன்னாடி கேட்க வேண்டியது ஒண்ணுதான்: நான் அளக்கப்போகும் பொருள் எவ்வளவு சீக்கிரம் மாறக்கூடும்? பதில் தெரியாவிட்டால், கொஞ்ச நாளுக்கு வேகமான கருவி ஒன்றை இரவல் வாங்கியாவது பார்த்துடுங்க. கேம்பிரிட்ஜில் காகிதத்தை வேகமா ஓட்டினதும் அதுக்குத்தானே.