சிறுதொழிற்கூடங்களில் விபத்து இழப்பீடும் பொறுப்புக் காப்பீடும்: 1923 சட்டம் முதல் சிவகாசி வழக்கு வரை

ஆய்வுச் சுருக்கம்

பணியிட விபத்தில் காயமுற்ற தொழிலாளிக்கு இழப்பீடு வழங்கும் கடமையை இந்தியச் சட்டம் 1923இல் வேலையளிப்பவர் மீது சுமத்தியது. அக்கடமையை நிறைவேற்றும் பொருள்வலிமை அவருக்கு உண்டா என்ற வினாவை அச்சட்டம் எழுப்பவில்லை. பெருந்தொழில்களில் இவ்விடைவெளியைச் சமூகக் காப்பீடு நிரப்பியது. சிறுதொழிற்கூடங்களில் அது நிரம்பாமலே நீடித்தமையைச் சிவகாசித் தீப்பெட்டித் தொழில் குறித்த வழக்கின் துணையுடன் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: தொழிலாளர் இழப்பீடு, பொறுப்புக் காப்பீடு, சிறுதொழில், சிவகாசி, ஈ.எஸ்.ஐ.

முன்னுரை

1922இல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பிய அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1923இல் சிவகாசியில் அத்தொழிலைத் தொடங்கினர். அதே ஆண்டு மார்ச் மாதத்தில்தான் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் இயற்றப்பட்டது; 1924 ஜூலை 1 அன்று அது நடைமுறைக்கு வந்தது. இவ்விரு நிகழ்வுகளுக்கும் நேரடித் தொடர்பு இல்லை. எனினும், சிறுசிறு கூடங்களாகப் பரவிய ஓர் ஆபத்தான தொழிலும், ஒழுங்கமைந்த தொழில்களை மனத்திற் கொண்டு எழுதப்பட்ட ஒரு சட்டமும் ஒரே காலத்தில் தோன்றி, பின்னர் ஒன்றையொன்று எதிர்கொண்டமை ஆய்வுக்குரியது.

தவறு என்னும் அடிப்படையிலிருந்து இடர் என்னும் அடிப்படைக்கு

1837இல் இங்கிலாந்தில் தீர்ப்பளிக்கப்பெற்ற பிரீஸ்ட்லி எதிர் பௌலர் வழக்கு இத்துறை வரலாற்றின் தொடக்கப்புள்ளியாகக் கருதப்படுகிறது. இறைச்சி வணிகர் ஒருவரின் பணியாள், அளவுக்கு மீறிச் சுமை ஏற்றப்பட்ட வண்டி முறிந்ததால் காயமுற்றார். நீதிமன்றம் அவருடைய கோரிக்கையை ஏற்கவில்லை. உடன்பணியாளரின் தவறுக்கு முதலாளி பொறுப்பாகார் என்ற கோட்பாடு இவ்வழக்கிலிருந்தே வளர்ந்தது. அக்கோட்பாட்டிற்கு வித்திட்ட வழக்கு ஆலையிலன்றி, ஒரு சிறுவணிகத்தில் எழுந்தது என்பது கருதத்தக்கது.

1880ஆம் ஆண்டின் பிரித்தானியச் சட்டம் அக்கோட்பாட்டை ஓரளவு தளர்த்தியது. 1884இல் ஜெர்மனி விபத்துக் காப்பீட்டைக் கட்டாயமாக்கியது. 1897இல் பிரித்தானியா தவறு இருப்பினும் இல்லாவிடினும் இழப்பீடு உண்டு என்ற நெறியை ஏற்றது. ஆனால் காப்பீட்டைக் கட்டாயமாக்கவில்லை. ஆக, இரு வழிகள் உருவாயின. ஜெர்மானிய வழி இடரைத் தொழில்துறை முழுமைக்கும் பகிர்ந்தளித்தது. பிரித்தானிய வழி அதனைத் தனி முதலாளியின் தோளில் ஏற்றியது. இந்தியா 1923இல் பின்பற்றியது இரண்டாவது வழியையே.

1923 சட்டத்தின் அமைப்பு

வேலையின் காரணமாகவும் வேலையின் போக்கிலும் நேரும் விபத்துக்கு வேலையளிப்பவரே பொறுப்பு என்பது சட்டத்தின் 3ஆம் பிரிவு. இறப்பு நேரின் முப்பது மாத ஊதியம் அல்லது 2,500 ரூபாய், இவற்றுள் குறைந்ததே தொடக்கத்தில் இழப்பீடாக வரையறுக்கப்பட்டது. இழப்பீட்டைக் கைவிடும் ஒப்பந்தங்கள் செல்லாது என 17ஆம் பிரிவு கூறியது. ஆலை, சுரங்கம், இருப்புப்பாதை போன்ற ஒழுங்கமைந்த தொழில்களையே சட்டம் முதலில் முன்னிறுத்தியது. 1929இல் அமைக்கப்பட்ட அரச தொழிலாளர் ஆணையத்தின் 1931ஆம் ஆண்டு அறிக்கையைத் தொடர்ந்து, 1933 திருத்தம் அதன் பரப்பை விரித்தது.

சிறுதொழில் நோக்கில் இரு பிரிவுகள் முக்கியமானவை. ஒப்பந்ததாரரின் ஆட்களுக்கு முதன்மை முதலாளியும் பொறுப்பு என 12ஆம் பிரிவு விதித்தது; ஆனால் அவருடைய கட்டுப்பாட்டிலுள்ள வளாகத்திற்கு அப்பால் விபத்து நேர்ந்தால் அப்பொறுப்பு எழவில்லை. வேலையை வீடுகளுக்கும் கொட்டகைகளுக்கும் பிரித்தளிக்கும் தொழில்களில் இவ்விலக்கு பெரும் வாயிலாக அமைந்தது. முதலாளி நொடித்துப்போனால் காப்பீட்டு நிறுவனத்தின் மீது அவருக்குள்ள உரிமை தொழிலாளிக்கு மாறும் என்பது 14ஆம் பிரிவு. பாலிசியே எடுக்காத முதலாளியிடம் மாறுதற்குரிய உரிமை ஏதுமில்லை.

சமூகக் காப்பீடும் எண்ணிக்கை வரம்பும்

பி. பி. அதார்க்கர் 1944இல் அளித்த அறிக்கையின் வழியே 1948இல் ஈ.எஸ்.ஐ. சட்டம் பிறந்தது, 1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரிலும் தில்லியிலும் திட்டம் செயற்படத் தொடங்கியது. இந்தியா ஜெர்மானிய வழிக்குத் திரும்பிய தருணம் இது. முதலாளியும் தொழிலாளியும் செலுத்தும் பங்களிப்பிலிருந்து பயன் வழங்கப்படுவதால், தனி முதலாளி நொடித்தாலும் காயமுற்றவர் வெறுங்கையராவதில்லை. 2019 ஜூலை முதல் இப்பங்களிப்பு முறையே ஊதியத்தில் 3.25, 0.75 விழுக்காடாக உள்ளது. திட்டத்திற்குள் வந்தவர் 1923 சட்டத்தின்கீழ் இழப்பீடு கோர 53ஆம் பிரிவு தடை விதித்தது.

இத்திட்டத்தின் வாயிலில் எண்ணிக்கை வரம்பு நின்றது. தொடக்கத்தில் விசையால் இயங்கும், இருபது பேர் பணிபுரியும் ஆலைகளே இதற்குள் வந்தன. பின்னர் வரம்பு பத்தாகக் குறைந்தது. ஒன்பது பேர் பணிபுரியும் கூடத்திற்கு எஞ்சியது 1923 சட்டம் மட்டுமே. இழப்பீட்டுத் தொகையோ காலப்போக்கில் உயர்ந்தது. கணக்கீட்டுக்குரிய மாத ஊதிய உச்சவரம்பு 2020இல் 15,000 ரூபாயானது. அவ்வூதியம் பெறும் நாற்பது வயதுத் தொழிலாளி இறந்தால், ஊதியத்தின் பாதியை 184.17 என்னும் வயதுக் காரணியால் பெருக்க, 13,81,275 ரூபாய் இழப்பீடாகும். சிறுகூடத்தின் மொத்த மூலதனத்தையே விழுங்கக்கூடிய தொகை இது. உரிமை வளர வளர, காப்பீடற்ற முதலாளியிடம் அதனைப் பெறும் வாய்ப்பு சுருங்குகிறது.

சிவகாசி வழக்கும் 1991 சட்டமும்

இம்முரணை உச்ச நீதிமன்றம் சிவகாசியில் நேரே எதிர்கொண்டது. தீப்பெட்டித் தொழிலில் குழந்தை உழைப்பைப் பற்றி எம். சி. மேத்தா தொடர்ந்த வழக்கில் 1990 அக்டோபர் 31 அன்று தீர்ப்பு வந்தது. பணியாளர் ஒவ்வொருவரும் 50,000 ரூபாய்க்குக் காப்பீடு செய்யப்பட வேண்டும், பிரீமியத்தை வேலையளிப்பவரே செலுத்த வேண்டும் என நீதிமன்றம் கருதியது. 1923 சட்டம் விட்டுவைத்த இடைவெளியை ஒரு தொழிலின் அளவில் நிரப்ப முயன்ற முடிவு இது. இவ்வழக்கு குழந்தை உழைப்பின் வரலாற்றிலேயே பெரிதும் பேசப்படுகிறது. அதன் காப்பீட்டுக் கூறு உரிய கவனம் பெறவில்லை.

மூன்று மாதங்களுக்குள், 1991 ஜனவரியில், பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டம் இயற்றப்பட்டது. 1984 போபால் பேரழிவின் விளைவான இச்சட்டம், வரையறுத்த அளவுக்கு மேல் அபாயப் பொருள்களைக் கையாள்வோர் காப்பீடு எடுப்பதைக் கட்டாயமாக்கியது. ஆனால் அதன் நிவாரணம் தொழிலாளர் அல்லாதார்க்கே உரியது. 1988 மோட்டார் வாகனச் சட்டமும் மூன்றாம் தரப்பினருக்கான காப்பீட்டை வலியுறுத்தியதோடு, ஓட்டுநர் முதலியோர்க்குரிய இழப்பீட்டுப் பொறுப்பையும் அதனுள் அடக்கியது. சாலையில் செல்பவருக்கும், தொழிற்சாலைக்கு வெளியே வாழ்பவருக்கும் காப்பீடு கட்டாயமாயிற்று. சிறுகூடத்தின் உள்ளே மருந்தைத் தொட்டு உழைப்பவருக்கு அது முதலாளியின் விருப்பமாகவே நின்றது.

பாலிசியின் எல்லைகள்

விருப்பக் காப்பீட்டின் எல்லையை நீதிமன்றத் தீர்ப்புகள் தெளிவாக்குகின்றன. இழப்பீடும் வட்டியும் காப்பீட்டு நிறுவனத்தைச் சாரும், தாமதத்திற்கான அபராதம் முதலாளியையே சாரும் என்று 1997இல் வேத் பிரகாஷ் கர்க் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. அது மோட்டார் வாகனக் காப்பீடு பற்றியது. 2006இல் ஹர்ஷத்பாய் மோதியா வழக்கில், 1923 சட்டம் காப்பீட்டைக் கட்டாயமாக்காததால், வட்டியை விலக்கும் நிபந்தனை பாலிசியில் இடம்பெறலாம் என முடிவாயிற்று. பிரீமியம் அறிவிக்கப்பட்ட ஊதியத்தையும் ஆள்கணக்கையும் பொறுத்தது. துண்டுக்கூலி ஆட்களைக் கணக்கில் காட்டாத முதலாளி பிரீமியத்தில் சேமிப்பது, விபத்துக்குப் பின் பன்மடங்கு இழப்பாகத் திரும்பக்கூடும். 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசியை அடுத்த முதலிப்பட்டிப் பட்டாசு ஆலையில் ஏறத்தாழ நாற்பது உயிர்கள் பலியானமை, ஒரே நாளில் எழக்கூடிய பொறுப்பின் பேரளவை உணர்த்துகிறது.

முடிவுரை

தவறு என்னும் அடிப்படையை நீக்கியது இந்தியச் சட்டத்தின் பெரும் சாதனை. எனினும் பொறுப்பை நிறுவுவதும், பணம் கைக்கு வருவதை உறுதி செய்வதும் வேறுவேறானவை. தன் 1897 வழியின் குறையை உணர்ந்த பிரித்தானியா 1969இல் முதலாளியின் பொறுப்புக் காப்பீட்டைக் கட்டாயமாக்கியது. இந்தியாவில் 2020 சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம், அரசு அறிவிக்கும் அபாயத் தொழில்களில் ஒரே ஒருவர் பணிபுரியினும் ஈ.எஸ்.ஐ. பொருந்தும் என வகைசெய்துள்ளது. 1990 சிவகாசித் தீர்ப்பின் உள்ளுணர்வு பொதுச்சட்டத்தில் இடம்பெற்ற தருணமாக இதனைக் கொள்ளலாம். அறிவிக்கையில் எத்தொழில்கள் இடம்பெறுகின்றன என்பதைப் பொறுத்தே அவ்வகைமுறையின் பயன் அமையும். எண்ணிக்கை வரம்புக்கு வெளியே நிற்கும் பிற சிறுகூடங்களில், காயமுற்ற கைக்கு உரிய விலை இன்றும் முதலாளியின் கையிருப்பாலேயே தீர்மானிக்கப்படுகிறது.