பெட்ரோல் மானி சரிசெய்தல் (மோட்டார் சைக்கிள்)

பெட்ரோல் மானி சரிசெய்தல் என்பது டேங்கில் உள்ள பெட்ரோலின் உண்மை அளவும் மானி காட்டும் அளவும் பொருந்துமாறு மிதவை அமைப்பைத் திருத்தும் பணி.

அமைப்பு: டேங்கினுள் மிதவை, அதன் கம்பி, கம்பியோடு மாறும் மின்தடை ஆகியவை உள்ளன. மின்தடையின் மாற்றத்துக்கேற்ப மானியின் முள் நகர்கிறது.

பிழைக் காரணங்கள்: வளைந்த கம்பி, துளை விழுந்து மூழ்கிய மிதவை, தேய்ந்த மின்தடைப் பட்டை, துருவேறிய எர்த் இணைப்பு. வண்டி சைடு ஸ்டாண்டில் சாய்ந்திருக்கையில் காணும் வேறுபாடு பழுதன்று. டேங்கின் அடிப்பகுதி குறுகலாக இருப்பதால் பாதி உயரம் பாதிக் கொள்ளளவு ஆகாது; இதனால் வரும் வேறுபாடும் பழுதன்று.

முறை: பேட்டரி இணைப்பு துண்டிக்கப்பட்டு, பெட்ரோல் வடிக்கப்பட்டு, மிதவைத் தொகுதி கழற்றப்படும். மிதவையை மேலும் கீழும் அசைத்து, மின்தடை சீராக மாறுகிறதா என்பது மல்டிமீட்டரால் சோதிக்கப்படும். கம்பியைக் கீழ்நோக்கி வளைத்தால் மானி கூடுதலாகவும், மேல்நோக்கி வளைத்தால் குறைவாகவும் காட்டும். தொகுதியைப் புதிய கேஸ்கட்டுடன் பொருத்தி, வண்டியை நிமிர்த்தி நிறுத்தி, ஒவ்வொரு லிட்டராக ஊற்றி அளவு ஒப்பிடப்படும்.

முக்கியத்துவம்: கார்புரேட்டர் வண்டிகள் பலவற்றில் பெட்ரோல் தீர்ந்தால் ரிசர்வுக்குத் திருப்பலாம். எரிபொருள் உட்செலுத்து வண்டிகளில் பொதுவாக அவ்வசதி இல்லாததால் மானியின் துல்லியம் இன்றியமையாதது.