செயல்முறை ஆராய்ச்சி: முதுநிலைப் படிப்பான வரலாறு

குற்றாலச் சாரல் காலத்தில், இருக்கும் பேருந்துகளை வைத்தே தென்காசியிலிருந்து கூடுதல் நடைகள் விடுவது எப்படி? இதுபோன்ற கேள்விகளுக்குக் கணிதத்தால் விடை தேடும் துறை செயல்முறை ஆராய்ச்சி. இரண்டாம் உலகப்போரின்போது பிரிட்டனில் ரேடார், நீர்மூழ்கிக் கப்பல் வேட்டை ஆகியவை குறித்த ஆய்வுகளில் இது வளர்ந்தது. இந்தியாவில் 1949இல் ஐதராபாத் வட்டார ஆய்வுக்கூடத்தில் இதற்கெனத் தனிப்பிரிவு தொடங்கப்பட்டது. 1953இல் கல்கத்தாவில் மகலனோபிசு, தேசியத் திட்டமிடலுக்கு இதைப் பயன்படுத்த முனைந்தார். 1957இல் இத்துறைக்கான இந்தியச் சங்கம் அமைந்தது.

முழுமையான முதுநிலைப் படிப்போ 1963இல்தான், அதுவும் தில்லிப் பல்கலைக்கழகத்தில் வந்தது. அச்சன்புதூரில் வளர்ந்து கணிதம் முடித்த ஒருவருக்கு அது அன்று இரண்டு நாளுக்கும் மேலான ரயில் பயணம். தமிழகக் கல்லூரிகள் பலவற்றில் இது இன்றும் கணிதப் பட்டப்படிப்பின் ஒரு தாள்தான். போக்குவரத்துக் கணக்கும் ஒதுக்கீட்டுக் கணக்கும் அந்தத் தாளில்தான் மாணவருக்கு அறிமுகமாகின்றன.