பட்டப்படிப்புப் பாடத்திட்டம் (தமிழ்நாடு)

பட்டப்படிப்புப் பாடத்திட்டம்: கலை, அறிவியல் கல்லூரிகளில் இளநிலைப் பட்டம் பெற மாணவர் எந்தெந்தப் பாடத்தை, எந்த வரிசையில், எவ்வளவு படிக்க வேண்டும் என்று வகுத்திருக்கும் ஏற்பாடு. தமிழ்நாட்டில் இது மொழி, முதன்மைப் பாடம், துணைப்பாடம் என்ற பிரிவுகளாக வளர்ந்தது. இந்த ஏற்பாடு தேர்வுக்கூடத்தில் பிறந்தது. அந்தப் பிறவிக்குறி இன்னும் மறையவில்லை.

1857இல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு லண்டன் பல்கலைக்கழகமே முன்மாதிரி. பாடம் நடத்துவது கல்லூரிகளின் பொறுப்பு. தேர்வு வைத்துப் பட்டம் தருவது பல்கலைக்கழகத்தின் வேலை. ஆகவே தேர்வு அட்டவணைதான் பாடத்திட்டம். முதல் பி.ஏ. பட்டதாரிகளான சி. வை. தாமோதரம்பிள்ளை, கரோல் விசுவநாத பிள்ளை இருவரும் யாழ்ப்பாணத்தார். யாழ்ப்பாணப் பகுதியில் 1823இல் நிறுவப்பட்ட வட்டுக்கோட்டை செமினரி தமிழ் இலக்கியம், ஆங்கிலம், கணிதம், வானியல் எல்லாவற்றையும் ஒரே கூரையின் கீழ் கற்பித்தது. அங்கே பயின்ற தாமோதரம்பிள்ளை பின்னர் சட்டம் படித்துப் புதுக்கோட்டையில் நீதிபதியானார். 1887இல் கலித்தொகையை அச்சேற்றியவரும் அவரே. பல்துறைக் கல்விக்கு இதைவிட நல்ல சான்று தேட வேண்டியதில்லை.

அக்காலத்தில் மெட்ரிகுலேஷன் தேறியவர் இரண்டாண்டு எஃப்.ஏ. படித்து, அதன்பின் பி.ஏ.வுக்குப் போக வேண்டியிருந்தது. எஃப்.ஏ.வில் எல்லாப் பாடத்திலும் தேறியாக வேண்டியிருந்தது. இந்த விதியில் சிக்கியவர்களில் ஒருவர் கணித மேதை சீனிவாச ராமானுஜன். 1904இல் உதவித்தொகையுடன் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்தார்; ஆங்கிலத்தில் தவறியதால் அந்தத் தொகை போயிற்று. சென்னை பச்சையப்பன் கல்லூரியில் உடலியலும் படிக்க வேண்டியிருந்தது. 1906, 1907 என இருமுறை எஃப்.ஏ.வில் தோற்றார். கணித ஆய்வுக்காக அவருக்கு 1916இல் பி.ஏ. கொடுத்தது கேம்பிரிட்ஜ். பாடப்பரப்பை விரிப்பது வேறு, விரித்ததையெல்லாம் தேர்ச்சிக்கு நிபந்தனை ஆக்குவது வேறு.

எஃப்.ஏ. பின்னாளில் இன்டர்மீடியட் ஆயிற்று, 1950களில் பி.யூ.சி. (புகுமுக வகுப்பு) ஆயிற்று, 1978இல் மேல்நிலைப் பள்ளிகளின் பிளஸ் டூவுக்கு இடம்விட்டது. பட்டப்படிப்பு மூன்றாண்டாக நிலைத்தது. ராதாகிருஷ்ணன் ஆணையம் (1948–49) அறிவியல் மாணவருக்கு இலக்கியமும் கலை மாணவருக்கு அறிவியலும் தரும் பொதுக்கல்வியை வலியுறுத்தியது. பரிந்துரை பாராட்டப்பட்டது, பாடவேளை அட்டவணையில் அதற்கு இடம் கிடைத்தது குறைவு.

கிடைத்தது 'பகுதி' அமைப்பு. பகுதி 1 தமிழ் அல்லது வேறொரு மொழி, பகுதி 2 ஆங்கிலம், பகுதி 3 மேஜர் எனப்படும் முதன்மைப் பாடமும் அலைடு எனப்படும் துணைப்பாடமும். இயற்பியல் மாணவருக்குக் கணிதமும் வேதியியலும் அலைடு. அலைடு வகுப்பு வேளையில் அவர் நோட்டுப் புத்தகத்தோடு அடுத்த கட்டடத்துக்கு நடப்பார். கணிதத் துறை தனக்கென்று எழுதிவைத்த பாடத்தை நடத்தும். மணி அடித்ததும் திரும்பி வருவார். வகைக்கெழுச் சமன்பாடு இயற்பியல் ஆய்வகத்தில் எங்கே உதவுகிறது என்று சொல்வது இரு துறையின் வேலையுமில்லை. தேர்ச்சி வகுப்பும் ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனியே கணக்கிடப்படுவதால் வேலை தேடும்போது பகுதி 3 மட்டுமே பேசும். தமிழ் வகுப்பில் பின்வரிசை காலியாவதற்கு இதுவும் ஒரு காரணம்.

லயோலா, சென்னை கிறித்துவக் கல்லூரி, மதுரை அமெரிக்கன் கல்லூரி போன்றவை 1978இல் தன்னாட்சி பெற்றபின் பாடத்தைத் தாமே வகுக்கத் தொடங்கின. பிற கல்லூரிகளுக்கு மாற்றம் வந்தது 2008 வாக்கில், கிரெடிட் முறையோடு. பகுதி 4 சேர்ந்தது: பிற துறையில் ஒரு விருப்பப்பாடம், பள்ளியில் தமிழ் படிக்காதவருக்கு அடிப்படைத் தமிழ், உச்ச நீதிமன்றத்தின் 1991 ஆணையை ஒட்டி வந்த சுற்றுச்சூழல் கல்வி. நாட்டு நலப்பணித் திட்டம் முதலியவை பகுதி 5. விருப்பப்பாடம் என்பது பெயரளவில்தான். எந்தத் துறையில் இடமும் நேரமும் ஒத்துவருகிறதோ அதுவே பல கல்லூரிகளில் மாணவரின் விருப்பம். துறைகள் ஒன்றோடொன்று பேசாமல் பாடங்களை மட்டும் அருகருகே அடுக்குவது இந்த அமைப்பின் பழைய குறை.

டெல்லிப் பல்கலைக்கழகம் 2013இல் கொண்டுவந்த நான்காண்டுப் படிப்பு மறு ஆண்டே கைவிடப்பட்டது. இடையில் விலகினாலும் சான்றிதழ் தரும் நான்காண்டுப் பல்துறைப் பட்டத்தைத் தேசியக் கல்விக் கொள்கை (2020) மீண்டும் முன்வைத்தது. தமிழ்நாடு அரசு அக்கொள்கையை ஏற்கவில்லை. 2022இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தின் திறன் பயிற்சிகள் மட்டும் இங்கே புதிதாகச் சேர்ந்தன. பி.ஏ., பி.எஸ்சி. பட்டங்கள் இன்றும் மூன்றாண்டு, ஆறு செமஸ்டர்.